நமது நோய்க்குறிப்பு யாருக்கு உதவுகிறது?



அரசாங்கக் கிளினிக்குகளில் அன்றாடம் காணும் ஒரு காட்சியோடு இன்றைய உரையைத் தொடங்குவோம். வயதான அம்மாள் ஒருவர் டாக்டரின் முன்னால் அமர்ந்திருக்கிறார். டாக்டர் கேள்வி கேட்கிறார். அம்மாள் பதில் சொல்கிறார். டாக்டரின் விரல்கள் கணினியைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. வெளியே வந்ததும் அம்மாள் மருமகளிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்: "என்னம்மா இது! என் முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் பெட்டியைப் பார்த்ததுதான் அதிகம். அப்படி என்னதான் எழுதுறாரு?"

நியாயமான கேள்விதான். நம்மைப் பற்றி மருத்துவமனையில் எழுதப்படுவது என்ன? எழுதியது எங்கே போகிறது? அதை வேறு யாராவது படிக்கிறார்களா? படித்தால் நமக்கு நன்மையா, தீமையா? மருத்துவமனைக் கணினியில் சேரும் நோய்க்குறிப்புகள் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பயன்படும் விதத்தைப் பற்றி இன்று நாம் தெரிந்துகொள்வோம்.

முதலில், தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் பழக்கமான ஒரு பொருளை நினைவுக்குக் கொண்டுவருவோம். அதுதான் செக்ரோல் புத்தகம். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் பதிந்தார்கள். மரம் வெட்டி முடித்து, பாலைக் கொண்டுவந்து நிறுத்தபோது, இன்னாருக்கு இத்தனை இராத்தல் என்று கிராணியார் எழுதினார். மாதக் கடைசியில் சம்பளம் கணக்கிட அந்தக் குறிப்பு உதவியது. அது தனி ஆளுக்கான பயன்.

அதே குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் வேறு ஒரு செய்தி தெரியவரும். ஒரு குறிப்பிட்ட மலையில் மரம் வெட்டுகிற அத்தனை பேருக்கும் மூன்று மாதமாகப் பால் குறைந்திருக்கிறது என்றால், குறை ஆட்களிடம் இல்லை, மரத்திலோ மண்ணிலோ இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஒருவருடைய கணக்கை மட்டும் பார்த்திருந்தால், "இவர் சோம்பேறி" என்று சொல்லியிருப்பார்கள். எல்லாருடைய கணக்கையும் வரிசையாக வைத்துப் பார்த்ததால்தான் உண்மை வெளிப்பட்டது.

மருத்துவமனைக் குறிப்பும் இப்படித்தான். நம் ஒருவருடைய குறிப்பு நம் ஒருவருடைய சிகிச்சைக்கு உதவுகிறது. பத்தாயிரம் பேரின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், தனி ஒரு டாக்டர் தம் வாழ்நாள் முழுதும் பார்த்தாலும் காண முடியாத உண்மைகள் புலப்படுகின்றன.

இது புதிதாக வந்த எண்ணம் அன்று. கணினி வருவதற்கு வெகுகாலத்திற்கு முன்னரே, இதே மலையகத்தில், நம் பாட்டன் பூட்டன்மாரின் சோற்றுப் பானையோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற கொடிய நோய் பரவியிருந்தது. கால்கள் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், முடிவில் இருதயம் தளர்ந்து உயிர் போய்விடும். மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கானோர் இந்நோயோடு வந்து சேர்ந்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஈரமண்ணின் கோளாறு என்றனர் சிலர். தொற்றுக் கிருமி என்றனர் வேறு சிலர்.

அக்காலத்தில் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பெரிபெரி என்று மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஈயச் சுரங்கங்களிலும் பிற இடங்களிலும் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள். தமிழ்த் தொழிலாளர்களோ அந்நோயால் வருந்துவது மிக அரிதாக இருந்தது. அதே நாடு, அதே மழை, அதே ஈரமண். வேறுபாடு எங்கே? பிராடனின் பார்வை சோற்றின்மேல் விழுந்தது. சீனத் தொழிலாளர்கள் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. 1907ஆம் ஆண்டில் அவர் இதை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்க முனைந்தார். 1905ஆம் ஆண்டின் முடிவில் தொடங்கி, அங்கிருந்த நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி. மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி உண்ட பிரிவில் பலருக்குப் பெரிபெரி கண்டது; 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. பிறகு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் ஜெலுபு வட்டாரத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து, அரிசியைத் தீட்டும்போது உடலுக்குத் தேவையான ஏதோ ஒரு சத்து தவிட்டோடு போய்விடுகிறது என்று 1909ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். 1926ஆம் ஆண்டில் ஜாவாவில் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள்.

நேயர்களே, இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, விடைக்கு வழிகாட்டியது யார் யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்ற கணக்கு. அந்தக் கணக்கில் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்ததால்தான் வேறுபாடு கண்ணில் பட்டது. இரண்டாவது, கணக்கு மட்டும் போதாது. கெட்டுப்போன வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றே பிராடன் நம்பினார். அது தவறு. அவர் பார்த்த இடம் சரி. சொன்ன காரணம் தவறு. மேலும் சோதித்த பிறகே உண்மை தெளிந்தது. மூன்றாவது, மனநோய் மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர்களுக்கு எந்த அரிசியை உண்பது என்று தேர்ந்தெடுக்கும் நிலை இருக்கவில்லை. அன்றைய பழக்கம் அப்படி. இன்று அது செல்லாது. இதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

இனி கணினிக்கு வருவோம். முன்னாளில் நோய்க்குறிப்பெல்லாம் காகிதத்தில் இருந்தது. அதைத் தேடி எடுப்பதே பெரும்பாடு. பத்தாண்டுக் கட்டுகளைப் பிரித்து, டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து, கணக்கெடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். கரையானும் ஈரமும் தின்றது போக மிச்சம்தான் கிடைக்கும். நம் நாட்டில் காகிதமே இல்லாமல் எல்லாவற்றையும் கணினியில் பதியும் முதல் அரசாங்க மருத்துவமனையாக 1999ஆம் ஆண்டில் செலாயாங் மருத்துவமனை தொடங்கப்பட்டது. பிறகு வேறு பல மருத்துவமனைகளும் அவ்வழியில் சென்றன.

கணினியில் என்னென்ன பதிகிறார்கள்? வயது, ஆணா பெண்ணா, எடை, இரத்தக் கொதிப்பின் அளவு, இரத்தப் பரிசோதனையின் முடிவு, கொடுத்த மருந்து, அதன் அளவு, கண்டறிந்த நோய் ஆகியவை பதிவாகின்றன. நோயின் பெயருக்கு ஒரு குறியீடும் உண்டு. "இனிப்புநீர்" என்று நாம் சொல்வதை மலாய்க்காரர் வேறு பெயரால் சொல்வார். ஆங்கிலத்தில் வேறு பெயர். உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு வகுத்திருப்பதால், எந்த மொழியில் சொன்ன நோயும் ஒரே இடத்தில் வந்து சேருகிறது. "ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, இனிப்புநீர் உள்ள, இந்த மருந்தை உண்ட பெண்கள் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் கெட்டது?" என்று கேட்டால், கணினி சில நிமிடங்களில் பிரித்துக் கொடுத்துவிடும்.

இதனால் விளையும் நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. மூட்டு வலிக்கு வயோக்ஸ் என்ற ஒரு மாத்திரை 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வயிற்றைப் புண்ணாக்காது என்று சொன்னதால் பலரும் விரும்பி உண்டனர். கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு தன் நோயாளிகளின் குறிப்புகளைக் கணினியில் வைத்திருந்தது. ஏறத்தாழ 14 இலட்சம் பேரின் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். அம்மாத்திரையைக் கூடிய அளவில் உண்டவர்களுக்கு மாரடைப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வந்ததை அவர்கள் கண்டார்கள். மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்த வேறோர் ஆய்விலும் இருதயக் கேடு தெரியவரவே, 2004ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அது உலகெங்கும் விற்பனையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. மாரடைப்பு வந்த ஒரு முதியவரைப் பார்த்து, "இது மாத்திரையால் வந்தது" என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. வயதானவர்களுக்கு மாரடைப்பு வருவது இயல்புதானே என்று விட்டிருப்பார்கள். இலட்சக்கணக்கான குறிப்புகள் சேர்ந்தபோதுதான் உண்மை தலைகாட்டியது.

இன்னொன்று, நாம் எல்லாரும் பட்ட துன்பத்தோடு தொடர்புடையது. 2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபோது, இங்கிலாந்தில் 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் குறிப்புகளைக் கணினி வழியே ஆராய்ந்தார்கள். யாருக்கு உயிராபத்து அதிகம் என்ற கேள்விக்குச் சில வாரங்களிலேயே விடை கிடைத்தது. முதியவர்களுக்கும், இனிப்புநீர் கட்டுக்கடங்காமல் இருந்தவர்களுக்கும், ஏழை வட்டாரங்களில் வாழ்ந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது. இந்தியா முதலிய தெற்காசிய நாடுகளின் வழிவந்தோருக்கும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. இனம் இன்னதென்று குறிப்பில் இருந்ததால்தான் இதைக் காண முடிந்தது. குறிப்பில் இல்லாததை எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது.

அப்படியானால் கணினி சொல்வதெல்லாம் வேதவாக்கா? இல்லை, நேயர்களே. குறிப்பு பொய் சொல்லாவிட்டாலும், படிப்பவரை ஏமாற்றிவிடும். 1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் நிமோனியா என்ற நுரையீரல் காய்ச்சல் கண்டவர்களின் குறிப்புகளைக் கணினியில் ஏற்றி, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டார்கள். "ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு" என்று கணினி விடை சொன்னது. இது எப்படி? மூச்சிரைப்பு உள்ளவருக்கு நுரையீரல் காய்ச்சலும் சேர்ந்தால் ஆபத்து கூடத்தானே வேண்டும்? விசாரித்தபோது விளங்கியது. ஆஸ்துமா உள்ளவர் வந்தால் ஆபத்து என்று அறிந்து, டாக்டர்கள் அவரை நேரே தீவிரக் கவனிப்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்ல கவனிப்பு கிடைத்ததால் அவர்கள் பிழைத்தார்கள். கணினியின் விடையை அப்படியே நம்பி, ஆஸ்துமாக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆகவே, கணக்கைப் படிப்பவருக்கு நோயாளியைத் தெரிந்த டாக்டரின் துணை வேண்டும்.

இப்போது நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் காலிழந்தவர்களையும், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களையும் நாம் பார்க்கிறோம். இந்நோய் நம்மவரை ஏன் இவ்வளவு வாட்டுகிறது, எந்த மருந்து நம்மவருக்கு நன்கு வேலை செய்கிறது என்று ஆராய வேண்டுமானால், நம்மவரின் குறிப்புகள் சரியாக இருக்க வேண்டும்.

இருக்கின்றனவா? நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். இலட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், கிளினிக் அட்டையில் வேறு விதம். அடையாளக் கார்டு எண்ணைச் சரியாகக் கொடுக்காவிட்டால், ஒரே அம்மாள் கணினியில் இரண்டு ஆட்களாகிவிடுவார். ஒருவருக்கு இனிப்புநீர், மற்றவருக்குச் சிறுநீரகக் கோளாறு. இரண்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். ஆராய்ச்சிக்கு மட்டுமா கேடு? மருந்து கொடுக்கும் டாக்டரும் அல்லவா தடுமாறுவார்!

அடுத்தது நாம் சொல்லும் பதில். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று மிஸி கேட்டால், "இல்லைம்மா" என்று சொல்லிவிடுகிறோம். வீட்டிலோ பாகற்காய்ச் சாறு, வேப்பங்கொழுந்து, ஊரிலிருந்து வந்த சூரணம், பக்கத்து வீட்டு அக்காள் கொடுத்த வெள்ளை மாத்திரை என்று எத்தனையோ! கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்" என்று சொல்வோரும் உண்டு. டாக்டர் திட்டுவார் என்ற பயம்தான் காரணம். இதனால் நேர்வது என்ன? உண்ணாத மருந்தை உண்டதாகக் கணினியில் பதிவாகிறது. "இம்மருந்து இவருக்கு வேலை செய்யவில்லை" என்று டாக்டர் அளவைக் கூட்டுகிறார். நம்மைப் போல ஆயிரம் பேர் அப்படிச் சொன்னால், நல்ல மருந்துக்கும் கெட்ட பெயர் வந்துசேரும். வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லாதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது வீணுக்கல்ல.

மூன்றாவது, கிளினிக்கு வராதவர்கள். வேலை போய்விடும், சம்பளம் வெட்டப்படும், வண்டிக்கு வழியில்லை என்று நோய் முற்றிய பிறகே வருவோர் பலர். ஒரு வட்டாரத்தில் எவரும் வரவில்லை என்றால், அங்கே நோயே இல்லை என்று கணக்கு காட்டும். நோயில்லாத இடத்துக்கு யார் மருந்தும் மிஸியும் அனுப்புவார்கள்? எண்ணப்படாதவருக்கு எதுவும் ஒதுக்கப்படுவதில்லை.

"எல்லாம் சரி; என் நோய் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். பெண் பார்க்க வருவோரும், வேலை கொடுப்போரும் அறியக்கூடாத செய்திகள் நோய்க்குறிப்பில் இருக்கலாம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்போது பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் வீட்டு முகவரியையும் நீக்கிவிட்டு, ஒரு புது எண்ணை மட்டும் வைப்பார்கள். அதுவும் சில வேளைகளில் போதாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்படிப் பெயர் நீக்கிய குறிப்புகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாநில ஆளுநரின் குறிப்பு எதுவென்று லத்தானியா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி 1990ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்துக் காட்டினார். பிறந்த தேதி, பால், அஞ்சல் எண் ஆகிய மூன்றே அவருக்குப் போதுமாயிருந்தன. பெயரை நீக்கினால் மட்டும் போதாது என்ற எச்சரிக்கையை உலகம் அதிலிருந்து பெற்றது.

திருட்டும் உண்டு. 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினியில் புகுந்து, ஏறத்தாழ 15 இலட்சம் பேரின் சொந்த விவரங்களைத் திருடினார்கள். அவர்களில் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றுள் அடங்கும். நாட்டுப் பிரதமருக்கே அந்த நிலை என்றால், காவல் எத்துணை கடுமையாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நாம் முன்னர் சொன்ன இங்கிலாந்து ஆய்வில் நல்ல ஒரு முறையைக் கையாண்டார்கள். குறிப்புகளை வெளியே எடுத்துச் செல்லவில்லை. குறிப்புகள் இருந்த இடத்துக்கே கேள்வியை அனுப்பி, கணக்கு விடையை மட்டும் வெளியே எடுத்தார்கள்.

காவலுக்கு மேல் அனுமதியும் வேண்டும். நம் சுகாதார அமைச்சில் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சின் மருத்துவமனைகளில் ஆராய்ச்சி செய்ய விரும்புவோர் முதலில் அக்குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். பழைய குறிப்புகளைப் பெயர் நீக்கிப் பார்ப்பதாக இருந்தால், ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்காமலே அக்குழு அனுமதி தரலாம். புது மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதாகவோ, ஆராய்ச்சிக்கென்று கூடுதலாக இரத்தம் எடுப்பதாகவோ இருந்தால், நமக்கு விளக்கிச் சொல்லி நம் கையெழுத்தைப் பெற வேண்டும். "வேண்டாம்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்றதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. அன்று கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு இல்லாத உரிமை இது. அதை நாம் விட்டுக்கொடுத்துவிடலாகாது.

நிறைவாக, நாம் செய்ய வேண்டியவற்றை நினைவில் பதித்துக்கொள்வோம்.

கிளினிக்குக்குப் போகும்போது அடையாளக் கார்டை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பெயரும் எண்ணும் சரியா என்று கேட்டுப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் உண்ணும் மாத்திரை, சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். மருந்தை நிறுத்தியிருந்தால் நிறுத்தியதாகவே சொல்லுங்கள். மரத்துக்கு மருந்தடித்தீர்களா, பூச்சிக்கொல்லி தெளித்தீர்களா, எத்தனை ஆண்டு என்பதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். உங்கள் வேலையின் கேடு குறிப்பில் ஏறினால்தான் நாளை யாராவது அதை எண்ணிப் பார்க்க முடியும். கையெழுத்துக் கேட்டால், "இது சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா? என் பெயர் வெளியே போகுமா?" என்று கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். விளங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

தொடக்கத்தில் குறைப்பட்டுக்கொண்ட அம்மாளுக்கு இப்போது நாம் பதில் சொல்லலாம். "அம்மா, அந்தப் பெட்டியில் எழுதுவது உங்கள் கதையைத்தான். நீங்கள் உள்ளதைச் சொன்னால் அது உங்களுக்கு உதவும். நாளை உங்கள் பேத்திக்கும் உதவும்." பாட்டன்மார் புழுங்கல் அரிசிச் சோறு உண்டு, தாம் அறியாமலே மருத்துவ உலகுக்கு ஒரு வழியைக் காட்டினார்கள். நாமோ அறிந்தே காட்டக்கூடியவர்கள்.